மசிக்கு ஒரு கூட்டு

தன்யா ஜெர்மனிக்குப் படிக்கப் போன மூன்றாம் நாள், ஸ்வர்ணலதா ஃபிரிட்ஜைத் துடைக்க உட்கார்ந்தாள். ஃப்ரீஸரின் மூலையில் வெனிலா ஐஸ்கிரீம் டப்பா ஒன்று இருந்தது. மகள் மிச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று ஆசையாகத் திறந்தாள். உள்ளே சிவப்புச் சிவப்பாகக் கட்டிகள். ஒரு கட்டியைச் சுரண்டிப் பார்த்தபோது அது முழுக்கப் புழு என்று தெரிந்தது.

அவள் போட்ட சத்தத்தில், குளித்துக்கொண்டிருந்த கணவர் வெங்கிடேஸ்வரன் ஈரத்துண்டோடு ஓடிவந்தார். டப்பா அதற்குள் குப்பை வண்டியில் ஏறிவிட்டது. ஃபிரிட்ஜை மஞ்சள் தண்ணீர் விட்டு மூன்று முறை கழுவினாள்.

"இத்தனை நாளா இதுக்குப் பக்கத்துலதானே நான் தேங்காய் துருவி வெச்சிருந்தேன்!" என்றாள். அழுகையும் கோபமும் சரிபாதியாக வந்தது.

அந்தப் புழுவெல்லாம் மசியின் சாப்பாடு. மசி என்பது ஹாலில் நான்கடிக் கண்ணாடித் தொட்டியில் தன்யா வளர்த்த கறுப்புக் கத்திமீன். பேருக்கு ஏற்ற மாதிரி மை கொட்டியது போல ஒரே கறுப்பு. வாலில் மட்டும் இரண்டு வெள்ளை வளையம். செதிள் கிடையாது. அடிவயிற்றில் நீளத்துக்கும் ஓடுகிற ஒற்றைத் துடுப்பை அலை அலையாக நெளித்து முன்னால் போகிற அதே சுலபத்தில் பின்னாலும் போகும். பகல் முழுக்க ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் படுத்துக் கிடக்கும். விளக்கு மங்கினால்தான் வெளியே வரும்.

வெங்கிடேஸ்வரன் மின்வாரியத்தில் ஓவர்சியராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர். கொச்சியில் மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தும், மீன்கடைப் பக்கம் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிற குடும்பம். ஆனால் இந்த மீன் தன் உடம்பிலிருந்து லேசாக மின்சாரம் விட்டு, அதை வைத்தே சுற்றிலும் என்ன இருக்கிறது என்று கண்டுகொள்கிறது என்று தன்யா சொன்ன நாள் முதல், அவருக்கு அதன்மேல் ஒரு தொழில் பாசம்.

டப்பா போனபின் கடையில் விற்கிற காய்ந்த உருண்டைகளைப் போட்டுப் பார்த்தார். மசி அவற்றின் பக்கம் திரும்பவில்லை. நான்காம் நாள் அதன் வயிறு ஒட்டியிருந்தது. தன்யாவுக்கு வீடியோ போட்டார்.

"மண்புழு கொடுக்கலாம்ப்பா. இல்லேன்னா செம்மீனைத் தோலுரிச்சுப் பொடியா நறுக்கிப் போடணும். உருண்டையெல்லாம் அது தொடாதாக்கும்."

செம்மீன் என்கிற இறாலுக்குச் சந்தைக்குப் போகவேண்டும். மண்புழுவோ வீட்டிலேயே இருந்தது. மொட்டை மாடியில் ஸ்வர்ணலதா காய்கறித் தோல் போட்டு உரம் ஆக்குகிற தொட்டியில் கிளறினால் கை நிறைய வரும். வெங்கிடேஸ்வரன் ஒரு கரண்டியோடு மாடி ஏறியபோது அவளும் பின்னாலேயே வந்தாள்.

"ஏன்னா, என்ன பண்றேள்?"

"நாலு புழு எடுத்துக்கறேன். கடைக்குப் போக வேண்டாமே."

"உயிரோட இருக்கறதை எடுத்து இன்னொண்ணுக்கு வாயில கொடுப்பேளா? அதுவும் நம்ம கையால?"

"பின்னே அது பட்டினி கிடந்து சாகட்டுமா? அதுவும் உயிர்தானே?"

ஸ்வர்ணலதா கறிவேப்பிலைச் செடியின் பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டு நின்றாள்.

"செம்மீன் கடைக்கு வரச்சேயே செத்துதானே இருக்கும்?"

"செத்துதான் இருக்கும்."

"அப்போ அதை வாங்குங்கோ. செத்ததை வாங்கறது வேற, நாமே கொல்றது வேற. ஆனா அடுக்களைக்குள்ள ஏறப்படாது. ஃபிரிட்ஜ் பக்கம் போகப்படாது."

அப்படித்தான் வெங்கிடேஸ்வரன் தன் ஆயுளில் முதல்முறையாக மீன் சந்தைக்குள் நுழைந்தார். ஓரத்தில் தமிழில் யாரோ விலை சொல்லிக்கொண்டிருந்த குரலைப் பிடித்துக்கொண்டு போனார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டிருக்கிற ரோஜா, நெற்றியில் விபூதியோடு தயங்கி நிற்கிறவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாமி, வழி தவறி வந்துட்டீயளா?"

"இல்லை. செம்மீன் வேணும். நாலே நாலு."

"நாலு கிலோவா?"

"நாலு எண்ணம்."

விஷயத்தைச் சொன்னதும் பக்கத்துக் கடைக்காரி வரை சிரித்தார்கள். ரோஜா சிரித்தாலும் வேலையை ஒழுங்காகச் செய்தாள். நல்லதாக நாலைப் பொறுக்கி, தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி, முதுகில் ஓடிய கறுப்பு நரம்பை நகத்தால் உருவி எடுத்தாள். "இதை விட்டா மீனுக்கு வயித்தைக் கலக்கும். மீனுக்கு என்ன, நமக்குந்தான்" என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "உங்களைச் சொல்லலை சாமி" என்றாள்.

பின்பக்கத்து பால்கனியில் ஒரு தெர்மோகோல் பெட்டி, கொஞ்சம் ஐஸ், ஒரு பழைய பிளேடு. அதுதான் மசியின் சமையலறை. அன்று அந்தியில் ஹால் விளக்கை அணைத்துவிட்டு, வெங்கிடேஸ்வரன் ஒரு துண்டைத் தண்ணீரில் விட்டார். மசி குழாயிலிருந்து வாலை முதலில் நீட்டி, பின்வாக்கில் வழுக்கி வந்து, துண்டை ஒருமுறை சுற்றி, சட்டென்று விழுங்கியது. அவர் கைவிரல்கள் நாறின. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது.

வினை அடுத்த வாரம் வந்தது. இவ்வளவு பெரிய தொட்டியில் ஒண்டியாக ஒரு ஜீவன் கிடக்கிறதே என்று ஸ்வர்ணலதா இரண்டு மூன்று தடவை சொல்லியிருந்தாள். அவளைச் சந்தோஷப்படுத்தலாம் என்று வெங்கிடேஸ்வரன் யாரையும் கேட்காமல் கொச்சங்காடியில் விக்கியின் வண்ணமீன் கடைக்குப் போய், நீலமும் சிவப்புமாக மின்னுகிற ஆறு குட்டி மீன்களை வாங்கிவந்தார். விக்கி, "வீட்ல தொட்டில வேற என்ன இருக்கு சாரே?" என்று கேட்டபோது, "ஒண்ணே ஒண்ணு. பரம சாது" என்றார்.

ஸ்வர்ணலதா அன்று சாயங்காலம் முழுக்கத் தொட்டிமுன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலை நாலு இருந்தன. அதற்கடுத்த நாள் ஒன்றுகூட இல்லை. மசியின் வயிறு புடைத்திருந்தது.

அவள் கத்தவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அன்று அவளுக்கு இலை போடவே விடவில்லை. மோர் மட்டும் குடித்தாள். போனில் தன்யா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அப்பா, நீங்க அதுக்குத் துணைக்கு ஒரு கூட்டு வாங்கலை. சாப்பாடு வாங்கியிருக்கேள்."

"மண்புழு வேண்டாம்னு சொன்னேன்" என்றாள் ஸ்வர்ணலதா பின்னாலிருந்து. "ஆறு உசிர் போச்சு."

"தப்பு என்னோடது. நான்தான் கேட்காம வாங்கினேன்" என்றார் வெங்கிடேஸ்வரன். கல்யாணமான முப்பது வருஷத்தில் அவர் இப்படி ஒப்புக்கொண்டது அபூர்வம். ஸ்வர்ணலதா, "நாளைக்கு நானும் வரேன் அந்தக் கடைக்கு" என்றாள்.

விக்கியை அவள் பெண் பார்க்கப் போன இடத்தில் விசாரிக்கிற மாதிரி விசாரித்தாள்.

"இது என்ன, வரி வரியா?"

"வேண்டாம் மாமி. சின்னதுதான், ஆனா அடுத்தவன் துடுப்பைக் கடிச்சுக் கிழிக்கும். கத்திமீனுக்குச் செதிளே இல்லல்ல, புண்ணானா மருந்துகூட ஒத்துக்காது."

"அந்தப் பெரிசு?"

"அது சண்டைக்காரன். தொட்டி பூரா எனக்குங்கும். கேட்டீங்களா, கணக்கு இவ்வளவுதான். அதோட வாய்க்குள்ள போற அளவுல இருக்கக் கூடாது, அதை நோண்டுற சுபாவமும் இருக்கக் கூடாது. தனியா விட்டாலும் அது சந்தோஷமாத்தான் இருக்கும். நமக்குத்தான் சங்கடம்."

ஸ்வர்ணலதா கடைசியில் மூலைத் தொட்டிமுன் நின்றாள். உள்ளங்கை அகல மீன்கள், மேலெல்லாம் முத்துப் பொடி தூவியது போலப் புள்ளி. நெஞ்சிலிருந்து இரண்டு நூல் தொங்கியது. அந்த நூலால் செடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயின.

"முத்து கௌராமி" என்றான் விக்கி. "மேல்தட்டுல இருக்கும். உங்காளு அடியில. ஒண்ணுக்கொண்ணு வழியில வராது."

மூன்றை வாங்கினார்கள். முதலில் மசிக்கு வயிறு நிறையச் செம்மீன் போட்டு, பிறகே அவற்றை விட்டார்கள். மறுநாள் விடிந்ததும் ஸ்வர்ணலதா பல்கூடத் தேய்க்காமல் வந்து எண்ணினாள். மூன்று. அதற்கடுத்த நாளும் மூன்று. பத்து நாள் எண்ணிவிட்டு நிறுத்தினாள்.

ஆனி மாதம் மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், வெங்கிடேஸ்வரன் எர்ணாகுளத்திலிருந்து வருகிற படகு தாமதமாகி, ஏழு மணிக்கு மேல்தான் வீடு சேர்ந்தார். ஹால் இருட்டாக இருந்தது. கரண்ட் போயிருக்கிறதோ என்று ஸ்விட்சைத் தேடினார்.

"போடாதேங்கோ!" என்றது ஸ்வர்ணலதாவின் குரல்.

தொட்டிமேல் குனிந்து நின்றிருந்தாள். மூக்கைப் புடவைத் தலைப்பால் கட்டியிருந்தாள். கையில் ஒரு நீள மூங்கில் குச்சி, அதன் நுனியில் செம்மீன் துண்டு. மேலே மூன்று கௌராமிகளும் அசையாமல் நின்றன. மசி பின்வாக்கில் வந்து, குச்சியைச் சுற்றி, துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவள் ஓரடி பின்னால் துள்ளினாள்.

"கையால தொடலை, கேட்டேளா. நறுக்கினதும் நான் இல்லை. அந்த ரோஜாவே நறுக்கிக் கொடுத்தா."

"நீ சந்தைக்குப் போனயா?"

"பின்னே? ஆறரைக்கு அது வந்து கண்ணாடிகிட்ட நிக்கறது. நான் என்ன பண்ண?" குச்சியை அவரிடம் நீட்டினாள். "மிச்சத்தை நீங்க போடுங்கோ. நான் போய்க் குளிக்கணும்."

வெங்கிடேஸ்வரன் நனைந்த குடையைக் கதவோரம் சாய்த்துவிட்டுக் குச்சியை வாங்கிக்கொண்டார். குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.