தையல்காரர் மகளின் நிழல்

மூன்றாம் வகுப்பில் உலக மதங்கள் பற்றிய பாடம் நடக்கும்போது பிள்ளைகளின் நிழல்கள் வெளிச்சத்தை விட்டு விலகி, பாடத்தில் வரும் மக்கள் எந்தத் திசை பார்த்துக் கும்பிடுவார்களோ அந்தத் திசையில் விழும். மணி அடித்ததும் பழையபடி திரும்பிவிடும். தையல்காரர் மகளின் நிழல் மட்டும் ஒரு தடவை திரும்பவில்லை. மணி அடித்த பிறகும் அவள் எழுந்து நின்று, "அவங்க சாமி நம்ம சாமிகூடப் பேசுமா டீச்சர்?" என்று கேட்டிருந்தாள். டீச்சரும் ஆசையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வகுப்பில் கேள்வி கேட்பவள் அவள் ஒருத்திதான்.

மறுநாள் தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். அவர் வீட்டார் கும்பிடுவது ஜன்னல் இருக்கும் திசை. மகளின் நிழலோ கதவுப் பக்கம் நீண்டு கிடந்தது.

"நேத்து காலையில அனுப்புறப்ப சரியாத்தான் இருந்துச்சு டீச்சர்."

"பாடம்தாங்க நடத்துனேன். ஒட்டிக்கிறதுக்கு இதென்ன சொறி சிரங்கா?"

"துணின்னா பிரிச்சுத் தச்சிருவேன். இது நெழலு. திங்கக்கிழமைக்குள்ள திரும்பலைன்னா இவ பேரை எடுத்துருங்க."

டீச்சர் விளக்கை அணைத்துப் பார்த்தார், ஜன்னலைச் சாத்திப் பார்த்தார், நிழல் மசியவில்லை. கீழே விழுந்த ரப்பரை எடுக்க அவள் திரும்பியபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒட்டிக்கொண்ட நிழல் விளக்குக்குக் கட்டுப்பட்டதல்ல, உடம்புக்குக் கட்டுப்பட்டது. ஆளைத் திருப்பினால் அதுவும் திரும்பும். கதவுக்கு நேர் எதிரே ஜன்னல் என்பதால் அரை வட்டம் போதும். திங்கட்கிழமை அவள் நாற்காலியைக் கரும்பலகைக்கு முதுகு காட்டிப் போட்டார். தையல்காரர் குனிந்து பார்த்து, "இப்ப சரி" என்றார். வீட்டில் எப்படி உட்கார வைப்பது என்றும் அவருக்குத் தெரிந்துவிட்டது. பேர் தப்பியது.

அதன் பிறகு, பாடத்தைக் கவனித்துக் கேட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் நிழல் ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் வந்தார், நர்ஸ் வந்தார். கடவுளே இல்லை என்கிற எலக்ட்ரீஷியனும் வந்து, தன் பையனின் நிழல் எந்தத் திசையிலும் விழக் கூடாது என்றார். அதன்மேல் பாய் போட்டு மூடினார்கள். மற்ற நாற்காலிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

இன்றுவரை பாடத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள், டீச்சர் பிடரிகளைப் பார்த்து நடத்துகிறார். தையல்காரர் மகள் ஒரு நாளும் லீவு போடுவதில்லை, கேள்வியும் கேட்பதில்லை. பாய்க்கு அடியில் கிடப்பதைத் தவிர எல்லா நிழல்களும் அவரவர் வீட்டார் கும்பிடும் திசையிலேயே விழுகின்றன.