கம்பியின் இடப்பக்கம்

பார்டர் டெரியரின் முடியைக் கத்தரிக்கக் கூடாது, பிடுங்க வேண்டும். கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாய்க்கு இரண்டு அடுக்கு முடி. உள்ளே இருப்பது பஞ்சு போல மென்மையானது, வெளியே இருப்பது முரடு. வெளிமுடி ஏறக்குறைய ஆறு மாதத்தில் முற்றி, வேரில் பிடி தளர்ந்துவிடும். ஆனால் தானாக உதிராது, சும்மா தொற்றிக்கொண்டு நிற்கும். இரண்டு விரலால் பிடித்து, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுத்தால் சத்தமில்லாமல் கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் புதிய முடி முளைக்கும். மிஷின் போட்டு வழித்தால், செத்த முடியின் அடிக்கட்டை தோலுக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு நிறம் வெளுத்து, மழையைத் தாங்காத வெறும் பஞ்சுதான் மிஞ்சும்.

எங்கள் வீட்டில் அந்த வேலை அக்காவுடையது. அவள் தையற்காரி. நாள் முழுக்க ஊசியும் நூலும் பிடித்த விரல்கள் என்பதால் ஒற்றை முடியைக்கூட அவளால் தனியாகப் பிடிக்க முடியும். மாமா போன பிறகு அவள் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். நானோ கல்யாணம் செய்துகொள்ளாதவன். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் மூன்று படி, அதற்கப்பால் கையகல மண். அவள் வந்த மறுவருடம் நாய் வந்தது. முடியைத் தொட்டுப் பார்த்து "கம்பி" என்று பெயர் வைத்தாள். அன்று மாலையே அது வாசற்கதவு இடுக்கில் நுழைந்து தெருமுனை வரை ஓடிவிட்டது.

"பேரு வெச்ச அன்னைக்கே கம்பி நீட்டிட்டான் பாரு," என்று மூச்சிரைக்கத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அப்போதே வேலையைப் பிரித்துக்கொண்டோம். முடியும் நகமும் அவளுக்கு, காதும் வாயும் எனக்கு. வாரம் மூன்று நாள் பல் துலக்கிவிட வேண்டும். பின்வாசல் தொட்டியருகே ஒரு டம்ளரில் எங்கள் இரண்டு பிரஷ்ஷோடு மஞ்சள் கைப்பிடி போட்ட சின்ன பிரஷ் ஒன்று நிற்கும்.

எட்டரை வருடம் துலக்கினேன். கடைசி ஐந்து மாதம் துலக்கவில்லை. பிரஷ்ஷை எடுத்தாலே கம்பி முகத்தைத் திருப்ப ஆரம்பித்தான். தாடையை இறுக்கிக்கொண்டான். ஒருநாள் முன்காலைத் தூக்கி என் மணிக்கட்டில் வைத்துத் தள்ளினான். எனக்குச் சிரிப்பு வந்தது. டெரியர் புத்தி என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்பதை எத்தனையோ பேருக்கு நான் விளக்கியிருக்கிறேன். இரண்டு நாடுகளின் எல்லையில் உள்ள குன்றுகளில், ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிப்போகும் நரிகளைத் துரத்த உருவாக்கிய இனம் இது. குதிரைக்குப் பின்னால் ஓடக் கால் நீளமாக இருக்க வேண்டும், நரி நுழையும் வளைக்குள் நுழைய உடம்பு ஒடுக்கமாக இருக்க வேண்டும். அதனால்தான் இன்றைக்கும் நல்ல பார்டர் டெரியரைத் தோளுக்குப் பின்னால் இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தால் விரல்கள் சந்தித்துக்கொள்ளும். தோல் தடித்து, தளர்ந்து தொங்கும். நரி கடித்துப் பிடித்தாலும் உள்ளே உடம்பைத் திருப்பிக்கொள்ளலாம். வால் அடியில் பருத்து, கைப்பிடி மாதிரி இருக்கும். வளையில் சிக்கினால் அதைப் பிடித்து வெளியே இழுப்பார்கள். மண்ணுக்கடியில் இருட்டில் எசமானின் குரல் எட்டாது. முன்னால் போவதா பின்வாங்குவதா என்பதை நாயேதான் முடிவு செய்ய வேண்டும். அதனால் பிடிவாதம். வலிக்குப் பின்வாங்கிய நாயின் குட்டிகளை யாரும் விரும்பவில்லை. அதனால் வலியைக் காட்டாது.

இவ்வளவும் எனக்குத் தெரியும்.

நான் ஒரு விதைக் கிடங்கின் பொறுப்பாளன். சுவரோரம் மரத்தட்டுகள், அவற்றின்மேல் ஆளுயரத்துக்கு மூட்டை அடுக்குகள், அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. எலிக்கு அதுதான் ராஜபாட்டை. கம்பிக்கும். தினமும் காலையில் என்னோடு வந்து, அந்த இடைவெளியில் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வருவான். எலியைக் கழுத்தில் கவ்வி, ஒரே உலுக்கு, தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவான். தின்னமாட்டான். எறிந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். நான் முறத்தோடு பின்னாலேயே போய்ப் பொறுக்குவேன்.

போன மழைக்குப் பிறகு அவனால் சமாளிக்க முடியாத அளவுக்கு எலி பெருகிவிட்டது. நிர்வாகம் பூச்சி, எலிக்கு மருந்து வைக்கும் ஆளை அனுப்பியது. மருந்துக்காரர் பொறுமையானவர். பூட்டுப் போட்ட கறுப்புப் பெட்டிகளைச் சுவரோரமாக வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், பெட்டிக்குள்ள நாய் வாய் போகாது, அதுக்குப் பயமில்ல. ஆனா மருந்து தின்ன எலி உடனே சாகாது. நாலஞ்சு நாள் தள்ளாடிட்டுத் திரியும். அதைப் புடிச்சுத் தின்னா நாய்க்கும் அதே கதிதான். ஒரு மாசம் வீட்டுலயே விட்டுட்டு வாங்க."

"டெரியர் எலியைத் தின்னாதுங்க."

"நாய்தானே சார்?"

"நாய்தான். ஆனா இது எப்படி உருவான நாய்ங்கிறதைப் பாருங்க. ஒரு எலியைத் தின்னுட்டு உக்காந்தா மீதி ஒன்பது ஓடிடும். அதனால..."

மூட்டை தூக்கும் நெட்டை தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மருந்துக்காரரே, விளக்கம் ஆரம்பிச்சிட்டாரு. அந்த மூட்டை மேல உக்காந்துக்கோங்க, கால் வலிக்கும்."

கிடங்கில் எனக்கு அதுதான் பெயர். விளக்கம். மருந்துக்காரர் உட்காரவில்லை. "சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன் சார்," என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் சொன்னபோது அக்கா தையல் மிஷினின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

"ஒரு மாசந்தானடா. என்கூட இருக்கட்டுமே. காலடியில படுத்துக் கிடப்பான்."

"சும்மா போட்டு வெச்சா நீ தைக்கிற துணியைத்தான் கிழிப்பான். வேலைக்குன்னே பொறந்த நாய் அது, அக்கா. அதோட, அவன் தின்னு நீ பாத்திருக்கியா? இத்தனை வருஷத்துல ஒரு எலி?"

"பாத்ததில்ல."

"அப்புறம்?"

அவள் கம்பியைப் பார்த்தாள். அவன் கடினமான பிஸ்கட்டைத் தட்டிலேயே விட்டுவிட்டு, ஊறிய சோற்றை மட்டும் தின்றுகொண்டிருந்தான். கொஞ்ச நாளாக அப்படித்தான். வயசானதால் ருசி மாறிவிட்டது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

"சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று சக்கரத்தைச் சுற்றிவிட்டாள்.

அடுத்த ஒன்பது நாட்கள் முறத்தில் விழுந்த எலிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. முதல் நாள் பதினொன்று. பிறகு ஏழு. பிறகு மூன்று. மருந்து வேலை செய்கிறது என்று நெட்டையிடம் சொன்னேன். உடனே வேலை செய்யாத மருந்துதான் நல்ல மருந்து, எலிக்குச் சந்தேகம் வராது பாருங்கள் என்று அதையும் விளக்கினேன். அடுக்குகளுக்குப் பின்னால் கம்பி முன்பைவிட அதிக நேரம் இருந்தான். நான் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் விடுமுறை. வருடத்தில் இரண்டு முறை வரும் முடி பிடுங்கும் நாள். காலை வெயிலில், பின்வாசல் நடுப்படியில் அக்கா பழைய போர்வையை விரித்தாள். வழக்கமாகக் கம்பி நாலு முறை தப்பி ஓடுவான். அன்று போர்வையில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

"வயசானா அறிவு வரும்போல," என்றேன்.

"உனக்கு வரலையே."

வலப்பக்கத்தில் ஆரம்பித்தாள். இடக்கையால் தோலை இறுக்கிப் பிடித்து, வலக்கை விரல்களால் கழுத்திலிருந்து பின்னோக்கிப் பிடுங்கிக்கொண்டே போனாள். ஒரு காலத்தில் நான் கேட்டிருக்கிறேன், அவனுக்கு வலிக்கவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று. "அவன் எங்க சொல்லப்போறான்? கைக்குத் தெரியும். வர மறுத்தா விட்டுடணும்," என்றாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். நான் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"டேய். இங்க வா."

வலப்பக்கம் முழுவதும் பிடுங்கி முடித்திருந்தாள். மெல்லிய உள்முடிக்கு அடியில், விலாவில் உள்ளங்கையளவு நீலம். தொடையின் உட்புறம் இன்னொன்று. வயிற்றில் சிவப்புப் புள்ளிகள், குண்டூசியால் குத்தியது போல.

"நான் இழுத்ததாலயாடா?" என்றாள். "வரமாட்டேன்னதை நான் இழுக்கலையே."

எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அவனைத் தூக்கினேன். தோளுக்குப் பின்னால் என் கைகள் சந்தித்தன. உள்ளே மூச்சு ஈரமாகக் கரகரத்தது.

கால்நடை மருத்துவமனையில் டாக்டரம்மா அவன் ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார். வெள்ளைக் காகிதம் போல இருந்தது. எலி மருந்து என்றேன். என்ன மருந்து, எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே ஊசி போட்டார். பிறகு எங்களுக்கும் சொன்னார். இரத்தம் உறைவதற்கான பொருட்களைக் கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துத் தயாரிக்கிறது. இந்த நஞ்சு அந்தத் தயாரிப்பை நிறுத்திவிடுகிறது. ஆனால் ஏற்கனவே உடம்பில் இருப்பது தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. கிடங்குக்காரனுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வரத்து நின்றாலும் கையிருப்பு உள்ளவரை கதவு திறந்துதான் இருக்கும்.

"மூணு நாள் முன்னாடி கொண்டு வந்திருந்தா மாத்திரையிலயே சரியாகியிருக்கும்," என்றார். "இப்ப நெஞ்சுக்குள்ள கசிய ஆரம்பிச்சிருச்சு. வேற நாயோட ரத்தம் ஏத்திப் பாக்கறேன். உறுதியா சொல்ல முடியாது."

"ஆனா இவன் எலியைத் தின்னமாட்டானே டாக்டர்," என்றாள் அக்கா. "என் தம்பி சொல்லுவான். இந்த ஜாதி உலுக்கிப் போட்டுடும், தின்னாது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எடை அட்டவணையைப் பார்த்தேன்.

பகல் மூன்று மணிக்குக் கம்பி இறந்தான். கடைசிவரை முனகவில்லை. அக்கா அவனைச் சுற்ற வண்டியிலிருந்து போர்வையை எடுக்கப் போனபோது டாக்டரம்மா அவன் உதட்டைத் தூக்கி எனக்குக் காட்டினார். மேல் கோரைப்பல் நெடுக்காகப் பிளந்து, வேர்வரை சீழ் வைத்திருந்தது.

"இது மாசக்கணக்கா இருந்திருக்கும். இதை வெச்சுக்கிட்டு எதையும் கவ்வி உலுக்க முடியாது. கடைவாய்க்குத் தள்ளி நசுக்கிக் கொன்னிருப்பான். அப்படி நசுக்கினா பாதி தொண்டைக்குள்ள போயிடும்." உதட்டை மெல்ல மூடினார். "பல் தேய்ச்சு விடுவீங்களா?"

"தேய்ப்போம்," என்றேன்.

முறத்தில் குறைந்த எலிகள் எங்கே போயின என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வீடு திரும்பும் வழியில் அக்கா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "பசியில தின்னிருப்பானா? நான் சோறு குறைச்சுப் போட்டேனா?" இல்லை என்று சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை. மருந்தின் மேலோ வயதின் மேலோ பழியைப் போட்டுவிட்டால் அவளுக்கு ஒருபோதும் தெரியவராது. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். ஆனால் அவள் தன் மேலேயே போட்டுக்கொண்டிருந்தாள்.

பின்வாசல் மண்ணில் குழி தோண்டினேன். முழங்கால் ஆழம் போனபோது மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுச் சொன்னேன்.

"அக்கா, அவன் பல்லு பிளந்திருந்துச்சு. அதான் உலுக்க முடியல. அஞ்சு மாசமா நான் வாயைத் திறந்தே பாக்கல. பிடிவாதம் புடிக்கிறான்னு நினைச்சேன். டாக்டரம்மாகிட்ட தேய்ப்போம்னு பொய் சொன்னேன்."

அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள்.

"தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"மஞ்ச பிரஷ்ஷு. நான்தானே தினம் டம்ளரைக் கழுவுறேன். காஞ்சு கிடந்துச்சு." புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "கேக்கணும்னு நினைப்பேன். கேட்டா நீ ஏதாவது காரணம் சொல்லுவே, எனக்குப் பதில் தெரியாது. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

நான் மண்வெட்டியை எடுத்து மீதிக் குழியைத் தோண்டி முடித்தேன்.

அவள் எழுந்து, போர்வை மூட்டையைப் படியில் வைத்து அவிழ்த்தாள். வலப்பக்கம் ஒட்ட, இருண்ட பழுப்பில், புதிது போல இருந்தது. இடப்பக்கம் ஆறு மாத முரட்டு முடி கலைந்து நின்றது. இரண்டு வேறு நாயை நடுவில் தைத்து ஒட்டியது மாதிரி.

"இப்படி அரைகுறையா அனுப்பமாட்டேன்," என்றாள். "வா. தோலை இறுக்கிப் புடி."

நான் பிடித்தேன். அவள் பிடுங்கினாள். முற்றிய முடி, எந்த எதிர்ப்பும் இல்லாமல் வந்தது. காற்றில் கொஞ்சம் பறந்து குழிக்குள் விழுந்தது. கழுத்து, தோள், விலா, தொடை. அந்தப் பக்கமும் நீலத் திட்டுகள் இருந்தன. அவற்றின்மேல் அவள் விரல் வேகம் குறைந்தது, அவ்வளவுதான். வெயில் சுவரைத் தாண்டும்போது முகம் மட்டும் மிச்சம் இருந்தது.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வாய்ப்பக்கம் உன்னோடது."

தாடையை இடக்கையில் ஏந்தினேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக. கம்பி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"மெதுவா," என்றாள் அக்கா. "சாயுற பக்கமே இழு."