காதில் வைத்த திருப்புளி

மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் அந்தப் பட்டறையில் திருப்புளியார் யாரையும் லேசில் நம்பமாட்டார். திருப்புளியின் முனையை ஓடும் மோட்டார் மேல் ஊன்றி, பிடியைக் காதில் அழுத்திக் கேட்ட பிறகுதான் பேரிங் தேய்ந்ததா இல்லையா என்று வாயைத் திறப்பார். பெயர் வந்ததே அப்படித்தான்.

அவர் நம்பிய ஒரே பொருள் பட்டறைச் சுவர். எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, என்ன கனக் கம்பி என்று இருபது வருஷமாக அதில் கரிக்கட்டையால் கிறுக்கியிருந்தார். போன மாதம் மருமகள் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். மகன் சுவருக்கு வெள்ளை அடித்தான். திருப்புளியார் மூன்று நாள் இருவரோடும் பேசவில்லை.

இன்று காலை கம்ப்யூட்டர் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் இரண்டு வரி இங்கிலீஷ் மட்டும் நின்றது.

"என் சுவர் என்னிக்காவது திறக்கமாட்டேன்னு அடம் பிடிச்சிருக்கா?" என்றார்.

"டிஸ்க்ல ஏதோ கோளாறு மாமா. சோதிச்சுப் பார்க்கிறேன்."

"வேற எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கியா?"

இல்லையென்று மருமகள் தலையாட்டினாள். திருப்புளியார் வெள்ளைச் சுவரை ஒரு பார்வை பார்த்தார்.

அந்தத் திரையில் மவுஸ் வேலை செய்யவில்லை. டிஸ்க்கைச் சோதிக்கும் கட்டளையைக் கீபோர்டில்தான் அடிக்க வேண்டும். அவர் தலைகீழாகக் கவிழ்த்த வாளியை இழுத்துப் போட்டு அவளருகே உட்கார்ந்தார்.

"வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே அடி."

"சி, எச், கே, டி, எஸ், கே. ஒரு இடைவெளி. சி, ரெண்டு புள்ளி. இன்னொரு இடைவெளி. சாய்ஞ்ச கோடு, ஆர்."

"அந்த ஆர் எதுக்கு?"

"கெட்ட இடத்தைத் தேடி, அங்க இருக்கறதை எடுக்க முடிஞ்சா எடுக்கும். அப்புறம் அந்த இடத்துல எழுதாதேன்னு குறிச்சு வைக்கும்."

"சுவர்ல ஓதம் ஏறின இடத்துல நான் எழுதமாட்டேனே, அந்த மாதிரியா?"

"அதேதான் மாமா."

அவர் வாளியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.

எண்கள் ஏறின. இருபத்தேழு சதவீதத்தில் அப்படியே நின்றுவிட்டன. அரை மணி ஆயிற்று. ஒரு மணியும் ஆயிற்று. மகன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"ஹேங் ஆயிடுச்சு. ஆஃப் பண்ணிட்டு மறுபடி போடு." பேசிக்கொண்டே சுவிட்ச் பக்கம் கையை நீட்டினான்.

திருப்புளியார் அதற்குள் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் திருப்புளியை ஊன்றிவிட்டார். உள்ளே மெல்லிய கரகரப்பு. ஒரு டிக். மறுபடி அதே கரகரப்பு, அதே டிக்.

"கையை எடுடா! உள்ள வேலை நடக்குது."

"திரை அசையவே இல்லையேப்பா."

"திரையை எவன் கேட்டான்? ஒரே இடத்துல திரும்பத் திரும்பத் தேய்ச்சுப் படிக்குது. எழுத்துப் புரியலைன்னா நீ ஸ்கூல்ல படிச்ச மாதிரி."

மருமகள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவர், "தாண்டிடுச்சு!" என்றார். அடுத்த நொடி திரையில் இருபத்தெட்டு. மகன் திருப்புளியை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தான்.

"சரி, இது எதனால வரும்?" என்று கேட்டார் பெரியவர்.

"முறையா மூடாம திடீர்னு கரண்ட் போனா வரும். ஆனா இங்க கரண்ட் போறதே இல்லையே."

"சாயங்காலம் அதை மூடறது யாரு?"

"உங்க பிள்ளைதான்."

"நானா? நீன்னு இல்ல நினைச்சேன்!"

திருப்புளியார் மகன் கையிலிருந்த திருப்புளியைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பட்டறையைப் பூட்டும் முன் மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இறக்கிக் கரண்டை நிறுத்துவது இருபது வருஷப் பழக்கம். ஒரு நாளும் தவறியதில்லை.

"ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. நான்தான். மெயினை இறக்கிட்டுத்தானே போவேன். யாராவது சொன்னீங்களா இதுக்குத் தனியா ஒரு மூடல் உண்டுன்னு?"

மத்தியானம் தாண்டித்தான் கம்ப்யூட்டர் திறந்தது. மாவு மில் மோட்டாரின் கணக்கை எடுக்கச் சொல்லி, திரையைப் பார்க்காமல் சுற்றை மனப்பாடமாகச் சொன்னார். ஒத்துப்போனது. இன்னும் ஒன்பது மோட்டாரைக் கேட்ட பிறகே எழுந்தார்.

"இன்னிக்கே ஒரு நோட்டுல இதையெல்லாம் எழுதிடு. நான் கூட இருந்து சரிபார்க்கிறேன்."

சாயங்காலம் மருமகள் கம்ப்யூட்டரை முறைப்படி மூடினாள். ஒரு கை மெயின் கைப்பிடியில் இருக்க, திருப்புளியார் குனிந்து பெட்டியின் மேல் திருப்புளியை ஊன்றினார். உள்ளே டிஸ்க் சுற்றும் சத்தம் தளர்ந்து, தேய்ந்து, நின்றது. இன்னும் பத்து எண்ணிவிட்டுத்தான் கைப்பிடியை இறக்கினார்.