எச்சத்தை ஆராய்க

அவருக்குக் 'கயிறு' என்று பட்டப்பெயர் வைத்த வகுப்புத் தோழர்கள் அதிகம் மெனக்கெடவில்லை. பகலெல்லாம் பன்னிரண்டு மாடிக் கட்டடங்களுக்கு வெளியே கயிற்றில் தொங்கி ஜன்னல் துடைப்பவரை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது? வயது நாற்பத்தெட்டு. முழங்கால்கள் இரண்டும் 'எங்களை விட்டுடு' என்று கெஞ்ச ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. கம்பெனியில் வேலைத் திட்டம் போடும் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. அதில் உட்காரப் பட்டம் வேண்டும். பட்டத்துக்குப் புள்ளியியலில் ஒரே ஒரு பேப்பர் பாக்கி: தொடர்புப் போக்கு, அதாவது ரெக்ரெஷன். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது முறையும் போனால் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். பிறகு ஆயுசுக்கும் கயிறுதான்.

இத்தனைக்கும் பாடம் என்ன? புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு போடுவது. அந்தக் கோடு எந்தப் புள்ளியையும் தொடாவிட்டாலும் பரவாயில்லையாம். எல்லோரோடும் கொஞ்சம் கொஞ்சம் மனஸ்தாபம் வைத்துக்கொண்டு நடுவில் போக வேண்டுமாம். இதைச் சொல்ல ஆறு மாதம்.

சொல்லிக்கொடுத்த மேடத்துக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் இவரை 'சார்' என்பார், இவர் அவரை 'மேடம்' என்பார். மரியாதைக்குக் குறைவே இல்லை, மதிப்பெண்ணுக்குத்தான். கலைச்சொல் எல்லாவற்றையும் தமிழில்தான் சொல்வது என்று சபதம் எடுத்தவர் அவர். விரட்டி விரட்டிப் பாடம் நடத்துவார். பல்கலைக்கழகக் கட்டடத்தைத் துடைப்பதும் கயிறின் கம்பெனிதான். ஒரு செவ்வாய்க்கிழமை ஆறாவது மாடியில் மேடத்தின் அறைக்கு நேரே இவர் இறங்க, அவர் கண்ணாடியை நகர்த்தி, "சார், நேத்து ஏன் கிளாஸுக்கு வரல?" என்று ஆரம்பித்தார். சேர்ந்து வருவதெல்லாம் ஒன்றுக்கொன்று காரணம் ஆகிவிடாது என்பதை அவர் விளக்கி முடிப்பதற்குள் வாளியில் சோப்பு நுரை காய்ந்து உதிர்ந்தது. இவர் புரிந்ததுபோல் தலையாட்டியதில் கயிறும் சேர்ந்து ஆடியது.

அந்தச் சுற்றில் துடைத்த எண்பத்து நான்கு ஜன்னல்களையே இவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். பக்கத்துக் கயிற்றில் தொங்கிய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒவ்வொரு ஜன்னலுக்கும் நேரம் குறித்தான். எத்தனையாவது மாடி, எவ்வளவு பெரிய கண்ணாடி என்பதை வைத்து எத்தனை நிமிடம் ஆகும் என்று கணிக்க வேண்டும். கோடு போட்டார். புள்ளிகள் கோட்டோடு சண்டை போட்டவை மாதிரி தள்ளித் தள்ளி நின்றன. மேடம் சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினார்: 'எச்சத்தை ஆராயாமல் முடிவு சொல்லக் கூடாது. எச்சங்களை வரைபடமாக்கி வெள்ளிக்கிழமைக்குள் தருக. இல்லையேல் தேர்ச்சி இல்லை.'

கோடு சொன்னதற்கும் உண்மையில் நடந்ததற்கும் இடையே மிஞ்சும் வித்தியாசத்துக்குப் புள்ளியியலில் எச்சம் என்று பெயர். அதைச் சொல்லிக்கொடுத்த அன்று இவர் பத்தாவது மாடியில் தொங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் துடைப்பவர் அறிந்த எச்சம் ஒன்றுதான். அது மேலேயிருந்து விழும்.

"பாத்தியா, இந்த மேடம் என் உயிரை வாங்குது! புறா போட்டதை எண்ணிட்டு வரச் சொல்லுது!"

"எண்ணுங்க," என்றாள் மனைவி. "இத்தன வருஷமா துடைச்சீங்களே, எண்ணத் தெரியாதா?"

"மாமா, காக்கா கணக்கு தனியா, இல்ல புறாவோட சேத்தா?" என்றான் மச்சான்.

"நீ வேற வயித்தெரிச்சலைக் கிளப்பாத மச்சான்!"

துடைக்கும் முன் ஒன்று, துடைத்த பின் ஒன்று என்று ஒவ்வொரு ஜன்னலையும் படம் எடுத்து வைப்பது கம்பெனி வழக்கம். முன்படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நான்கு நாள் எண்ணினார். இரண்டாம் நாளே எது எந்தப் புறாவுடையது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தேர்ந்துவிட்டார். நொண்டிப் புறா ஒன்று ஒற்றைப்படை மாடிகளில் மட்டுமே மனதை லேசாக்கிக்கொள்வதையும் கண்டுபிடித்தார். மச்சான் மறுக்கவில்லை. மறுப்பதென்றால் அவனும் எண்ண வேண்டுமே. மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு.

வெள்ளிக்கிழமை மேடம் கணக்கெழுதிய தாளையும் படக் கட்டையும் பிரித்தார்.

"சார்... என்ன இது?"

"எச்சம், மேடம். நீங்க கேட்டீங்களே."

மேடம் படங்களைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு எச்சம் என்றால் என்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினார்.

கயிறுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "அத மிச்சம்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே மேடம்! நாலு நாள்! கண்ணு பூத்துப்போச்சு!"

"அது கலைச்சொல், சார்!"

"எங்க தொழில்லயும் அது கலைச்சொல்தான், மேடம்!"

இரண்டும் எவ்வளவு வேறு என்று காட்டிவிடுவது என்ற ஆத்திரத்தில் மேடம் உண்மையான எச்சங்களைக் கணினியில் கணக்கிட்டு இவர் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்தவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். எந்த ஜன்னலில் கோடு சொன்னதைவிட நேரம் அதிகம் பிடித்ததோ அங்கெல்லாம் புறா தாராளமாக இருந்திருந்தது. புறாக் கணக்கையும் சேர்த்து மறுபடி கோடு போட்டார். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த புள்ளிகள் பந்திக்குக் கூப்பிட்டதுபோல் வந்து உட்கார்ந்தன.

"எச்சத்துக்குக் காரணம்... எச்சம்," என்றார் மேடம்.

"சேந்து வர்றதெல்லாம் காரணம் ஆகாதுன்னு சொன்னீங்களே, மேடம்?"

"துடைக்கிறது நீங்கதானே சார்! அது இருந்தா நேரம் ஆகுமா, ஆகாதா?"

"ஆகும்."

"அப்புறம் என்ன!"

ஒரே ஒரு புள்ளி மட்டும் கூட்டத்தில் சேராமல் உச்சியில் தொங்கியது. நாற்பத்திரண்டு நிமிடம், புறா பூஜ்யம்.

"இது ஏதோ தப்பு. தூக்கிடுங்க சார்."

"காரணம் சொல்லாம புள்ளியைத் தூக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"சரி, காரணம் என்ன?"

கயிறு அந்த ஜன்னலின் முன்படத்தை எடுத்து நீட்டினார். பளிச்சென்ற கண்ணாடி. உள்ளே ஒரு விரலை உயர்த்தியபடி மேடம்.

மேடம் படத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். "எழுதுங்க," என்றார்.

கயிறு தாளின் அடியில் எழுதினார்: 'ஆறாவது மாடி, மூன்றாவது ஜன்னல் நீக்கப்பட்டது. அதில் எச்சம் இல்லை. விரிவுரையாளர் இருந்தார்.'

மேடம் அதற்குக் கீழே சிவப்பு மையில் 'தேர்ச்சி' என்று எழுதினார். பிறகு எழுந்துபோய் ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.