இரண்டு இழுப்பு

என் மச்சான் தஸ்நேவிஸ் சங்கு குளிக்கக் கடலில் இறங்கினால், அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனை என் கையில் இருக்கும். எங்கள் கரையில் அதை வேறு ஆளிடம் கொடுக்க மாட்டார்கள். பெண்டாட்டியோடு பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள். தன் தங்கச்சி தாலியறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான் அல்லவா. கீழே மூச்சு முட்டினால் மச்சான் கயிற்றை இரண்டு தரம் இழுப்பார். நான் தூக்குவேன். அதுவரை பீடி பற்றவைக்க மாட்டேன். பக்கத்து வள்ளத்துக்காரன் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன்.

அவர் மகள் மெட்டில்டாவுக்குப் பத்து வயது. வீட்டில் இதையே விளையாடுவாள். கயிற்றை என் கையில் தந்துவிட்டு மூச்சைப் பிடிப்பாள். இரண்டு இழுப்பு இழுப்பாள். நான் பதிலுக்கு இழுத்த பிறகுதான் மூச்சை விடுவாள். அதற்கு முன்னால் விட்டால் தண்ணீர் குடித்துச் செத்தாயிற்று என்று அர்த்தம்.

புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வர ஆரம்பித்த வருஷம் அது. அங்கே ஆபீசில் வேலை பார்த்த ஆவுடையப்பன், சனிக்கிழமைதோறும் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு யோகாசனமும் தியானமும் சொல்லிக்கொடுக்க வந்தார். காசு வாங்கவில்லை. அதைத் தலைமையாசிரியர் பார்க்கிற போதெல்லாம் எங்களுக்கு ஞாபகப்படுத்துவார்.

மெட்டில்டாவுக்கு அது பிடித்துவிட்டது. வீட்டிலும் பாயை விரித்துக் காலை மடக்கிக் கண்ணை மூடிக்கொள்வாள்.

"எனக்குக் கடல் அடைச்ச காது. உனக்கு என்னளா, உங்க அம்மை கத்துதது காதுல விழலியா?" என்று மச்சான் கேட்பார்.

"விழும்ப்பா. ஆனா கோவம் வராது."

"அப்பம் எனக்கும் சொல்லித் தா. நான்லா அவகூடக் குடும்பம் நடத்துதேன்."

காற்று வலுத்து வள்ளம் இறங்காத ஒரு சனிக்கிழமை, நான் கரையில் உட்கார்ந்து கயிற்றில் இத்துப்போன இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெட்டில்டாவோடு படிக்கிற ஜெயசெல்வி ஓடிவந்தாள்.

"மாமா, மெட்டில்டா விழுந்துட்டா. யாரும் பாக்கல. எல்லாரும் கண்ண மூடியிருக்காங்க."

"நீ எப்படிளா பாத்த?"

"நான் திறந்துட்டேன்" என்றாள், தப்புச் செய்துவிட்டவள் போல.

நான் போய்ச் சேர்வதற்குள் முகத்தில் தண்ணீர் தெளித்து அவளை உட்காரவைத்திருந்தார்கள். விழுந்த வேகத்தில் சிமெண்டுத் தரையில் அடித்து உதடு கிழிந்திருந்தது. பாவாடையெல்லாம் ரத்தம். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. பின்னால் நாற்பது பிள்ளைகள் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். திறக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"பலவீனமான உடம்பு. காலையில சாப்பிட்டாளா?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"பழையதும் கருவாடும் தின்னுட்டுத்தான் வந்தா. என்ன செய்யச் சொன்னீங்க?"

"வேகமா முப்பது மூச்சு. அப்புறம் நான் சொல்ற வரைக்கும் அடக்கிக்கிட்டு உட்காரணும். முடியலைன்னா விட்டுற வேண்டியதுதானே?"

வேகமாக முப்பது மூச்சு. சங்கு குளிக்கிற எவனும் அதைச் செய்ய மாட்டான். செய்தால் மூச்சு முட்டுவதே தெரியாது. நேராகக் கண் இருட்டும். அப்படி இருட்டிப்போன ஒருவனை வள்ளத்தில் தூக்கிப் போட்டபோது நானும் ஒரு கை பிடித்திருக்கிறேன். அவன் பிழைக்கவில்லை.

மெட்டில்டா என் சட்டையைப் பிடித்தாள். வீங்கிய உதட்டோடு சொன்னாள்: "கண்ணு இருட்டிச்சு மாமா. சார் துண்டைப் பிடிச்சு இழுத்தேன். ரெண்டு தரம் இழுத்தேன். சார் கையத் தட்டிவிட்டுட்டாரு."

நான் ஆவுடையப்பனைப் பார்த்தேன்.

"யாரோ சேட்டை பண்றாங்கன்னு நினைச்சேன். நான் தியானத்துல இருந்தேன்" என்றார்.

"மூச்ச அடக்கச் சொன்ன ஆளு கண்ண மூடலாமா சார்?"

"கண்ணை மூடினாத்தான்யா தியானம்."

"அவ மூடட்டும். நீங்க எதுக்கு மூடுனீங்க? நான் கண்ண மூடுனா இவ அப்பன் செத்து மிதப்பான். எனக்கு நிம்மதி வேணும்னா கரைக்கு வந்து தேடிக்கிடுவேன். கயித்தக் கையில வச்சுக்கிட்டுத் தேட மாட்டேன்."

தலைமையாசிரியர் குறுக்கே வந்தார். "ஏலே தேவமணி, சும்மா வந்து சொல்லிக்கொடுக்கிறவர்ட்ட பேசுத பேச்சா இது? சார், இந்தப் பிள்ளைய இனி இதுல சேக்க வேண்டாம். விட்டுருங்க."

எனக்கு முப்பத்தாறு வயது. அந்த ஏலேயை விழுங்கிவிட்டேன். ஆனால் அதுவரை அழாத மெட்டில்டா அப்போதுதான் அழுதாள். உதட்டுக்காக அல்ல. "நான் என்ன மாமா தப்புப் பண்ணுனேன்?" என்றாள். தலைமையாசிரியர் மேல் என் கை தன்னால் ஓங்கிவிட்டது. அவள் என் சட்டையைப் பிடித்திருக்காவிட்டால் அன்றைக்கு நான் போலீஸ் ஸ்டேஷனில் இருந்திருப்பேன்.

"இவ வருவா. அடுத்த சனிக்கிழமையும் வருவா. நாங்களும் வருவோம்" என்று சொல்லிவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு தையல் போடப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.

அடுத்த சனிக்கிழமை கடல் தெளிந்து கிடந்தது. எல்லா வள்ளமும் போயிற்று, எங்கள் வள்ளத்தைத் தவிர. நானும் மச்சானும் இன்னும் நாலு பேரும் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஏறி உட்கார்ந்தோம். தலைமையாசிரியர் வெளியே வந்து பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார்.

மெட்டில்டா தையல் போட்ட உதட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கையை நீட்டி ஆவுடையப்பனின் துண்டு நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவர் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். தட்டிவிட்டிருந்தால் நான் குதித்திருப்பேன்.

மச்சானுக்குத் தூரத்து முகம் மங்கல். என் பக்கம் காதைச் சாய்த்தார். "என்ன சொல்லுதான்?"

"கண்ண மூடச் சொல்லுதான்."

"பிள்ளைக மூடிருச்சா?"

"மூடிருச்சு."

"அவன்?"

"மூடல" என்றேன், ஆவுடையப்பன் மேலிருந்து கண்ணை எடுக்காமல்.