கரடி ஓடையும் அக்கரை மாப்பிள்ளையும்

ஆரின் ஹாகன் ஐம்பத்தெட்டு வயதில் மறுமணம் செய்துகொண்டு பாலத்தைத் தாண்டி மனைவி வீட்டுக்குப் போனான். ஆறுதான் மாநில எல்லை. தான் வெளிமாநிலத்தான் ஆகிவிட்டது அவனுக்கு முதல் பனி விழும்வரை உறைக்கவில்லை.

பழைய ஊரின் தூண்டில் கடையில், ஓடையில் அணைகட்டி வாழும் பீவரைத் தோலுக்காகப் பொறி வைத்துப் பிடிக்க லைசென்ஸ் விற்கும் எல்ராய் அவனுடைய புது முகவரியைப் பார்த்துச் சிரித்தான்.

“உனக்குக் கெடையாது. உங்க மாநிலத்துல எங்க ஆளுங்களப் பொறி வைக்க விடறதில்ல. அதனால நாங்களும் உங்காளுங்கள விடறதில்ல.”

“எங்காளுங்களா? டேய், உன்கூட உக்காந்துதானடா எட்டாங்கிளாஸ்ல ஃபெயிலானேன்.”

“இப்ப நீ பொண்டாட்டி ஊர்க்காரன்.”

“சரி, அங்கயே வாங்கிக்கறேன்.”

“அங்க ஆறு மாசம் குடியிருக்கணும். நீ போயி ரெண்டு மாசம்தான் ஆகுது. பீவரப் பொறுத்தவரைக்கும் நீ இன்னும் பொறக்கவே இல்லடா.”

ஆரினின் கவலை பழைய ஊரிலிருந்த கரடி ஓடை. சீசனின் முதல் நாள் யார் பொறி வைக்கிறானோ அந்தக் குளிர்காலம் முழுக்க ஓடை அவனுக்கு. அது சட்டத்தில் இல்லை. ஆனால் யாரும் மீறியதில்லை. இத்தனை வருடமும் அது ஆரினுடையது. இந்த முறை அதே ஊர்க்காரன் மைலோ பெல்ட்டியர் அதன்மேல் கண் வைத்திருந்தான். மைலோ பீவரை உரித்தால் தோலில் ஜன்னல் ஜன்னலாக ஓட்டை இருக்கும்.

“திருட்டுத்தனமா வைக்கப் போறியா?” என்றாள் மனைவி லொரேன்.

“என் ஓடையில நான் வைக்கறது திருட்டாடி?”

“மாட்டினா ஜாமீனுக்கு உன் பழைய பொண்டாட்டியக் கூப்பிடு.”

முதல் நாள் விடிவதற்குள் வைத்தான். எல்லாம் தண்ணீருக்கடியில். வண்டியைத் தொலைவில் நிறுத்தினான். திரும்பும்போது பைன் கிளையால் தன் காலடித் தடங்களைப் பெருக்கிக்கொண்டே வந்தான். நரிகூட மோப்பம் பிடிக்க முடியாது என்று நினைத்தான்.

மறுநாள் அவன் வீட்டுச் சமையலறையில் பழைய மாநிலத்து வனவிலங்கு அதிகாரி இங்கா டோர்விக் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேசைமேல் அவனது பொறிகள்.

“நான்தான்னு எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?”

ஒரு பொறியின் சங்கிலியை எடுத்துக் காட்டினாள். செம்புத் தகடு. அதில் அவன் பெயர், தெரு, வீட்டு எண்.

“தகடு மாட்டியா திருடுவீங்க, ஹாகன் சார்?”

“தகடு இல்லாமப் பொறி வச்சா சட்ட விரோதம் மேடம்.” ஆரினுக்குக் கோபமே வந்துவிட்டது. “அதெல்லாம் மைலோ மாதிரி ஆளுங்க செய்யற வேல.”

லொரேன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள்கள் குலுங்கின.

“பொறியெல்லாம் பறிமுதல். மூணு சீசனுக்கு எந்த மாநிலத்துலயும் வைக்கக் கூடாது. இனிமே ஓடை மைலோவுக்கு. காலையிலயே வந்து வச்சுட்டார்.”

ஆரின் நாற்காலியில் சரிந்தான்.

“எங்க வச்சான்?”

“ஓடையோட இடது கிளையில. பெரிய பீவர் குடில் ஒண்ணு இருக்குமே, அதச் சுத்தி.”

“பாதி சரிஞ்சு கெடக்குமே, அதா?”

“அதேதான்.”

“அதுல பீவர் குடியிருந்து நாலு வருஷம் ஆச்சு.”

இங்கா மெல்லுவதை நிறுத்தினாள். “அப்ப அவர்கிட்ட சொல்லிடவா?”

ஆரின் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“லொரேன், மேடத்துக்கு இன்னொரு துண்டு கேக் வை. பெருசா வை.”