அவர் விழாத மூன்று நாட்கள்

அன்று காலையும் பழக்கத்தில் கணவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். மேலிருந்து நாலாவது பொத்தானில் நூல் தொங்கியது. "அப்புறம் தைக்கிறேன்" என்றாள்.

"அப்புறம்னா, இந்தப் பிறவியிலயா?"

"ரொம்பப் பேசினா வாயையும் சேர்த்துத் தைச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு அச்சகத்துக்குக் கிளம்பினாள்.

அவர் எலக்ட்ரீஷியன். முப்பது வருஷம் அடுத்தவர் வீட்டுச் சுவர்களில் கம்பி இழுத்த கைகள், ஆறு வருஷமாகச் சும்மா இருக்கும்போதே ஆடிக்கொண்டிருந்தன. நடுக்குவாதம். அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று பெயர். "காற்புள்ளிகூட அக்காவைக் கேட்டுட்டுத்தான் உட்காரும்" என்று மெஷின்காரர்கள் கேலி பேசுவார்கள்.

பெரிய மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் புது மாத்திரை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. ஆய்வு நர்ஸ் ஒரு நோட்டைக் கொடுத்தாள். கூட இருப்பவர் தினமும் எழுத வேண்டும்: மாத்திரை எத்தனை மணிக்கு, கை எப்படி, தூக்கம் எப்படி. கடைசிக் கேள்வி: இன்று விழுந்தாரா? ஒரே மாதத்தில் மூன்று முறை விழுந்தால் மாத்திரையை நிறுத்திவிடுவோம் என்றும் சொல்லி அனுப்பினாள்.

இரண்டாவது மாதம் கை அடங்கியது. ஒருநாள் மின்விசிறியின் பிளக்கை அவரே பிரித்துப் போட்டு, கடுகளவு திருகாணியை அதன் ஓட்டையில் நிறுத்தினார். "பாத்தியா, நிக்குது!" அவள் அடுப்பைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாவது மாதம் விழ ஆரம்பித்தார். முதல் தடவை குளியலறையில்.

"இது விழுந்ததுல சேராது. உட்கார்ந்தேன். கொஞ்சம் வேகமா உட்கார்ந்துட்டேன்."

"தரையிலயா?"

"நாற்காலி தள்ளிப் போயிடுச்சு."

அந்தக் குளியலறையில் நாற்காலியே கிடையாது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோட்டை எடுத்ததும் அவர் சிரிக்கவில்லை.

"எழுதாத. நிறுத்திடுவாங்க. மறுபடி நீ ஸ்பூன் பிடிச்சு ஊட்டணும். உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

கும்பிட்ட இரண்டு கைகளும் ஆடாமல் ஒன்றாக நின்றன. அதைப் பார்த்த பிறகுதான் அவள் 'இல்லை' என்று எழுதினாள். அதே மாதத்தில் இன்னும் இரண்டு முறை விழுந்தார். இன்னும் இரண்டு முறை 'இல்லை' என்று எழுதினாள்.

பொத்தான் போட்டுவிட்ட அந்த நாளில்தான், மாடிப்படி விளக்கு எரியவில்லை என்று ஸ்க்ரூடிரைவரோடு இறங்கிப் போயிருக்கிறார். பதினோரு படி. தலையில் அடி. நாலு நாள் கண் திறக்கவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் டாக்டர் கேட்டார்: "இதுக்கு முன்னாடி விழுந்திருக்காரா?" அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற ஆய்வு நர்ஸ் நோட்டைப் புரட்டிவிட்டாள். "ஒரு தடவைகூட இல்ல டாக்டர். அம்மா எழுதினா அப்படியே நம்பலாம்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஐந்தாம் நாள் அவர் போய்விட்டார்.

பதினாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஆய்வு முடிந்தது, உங்கள் கணவர் சாப்பிட்டது மருந்துதான். கீழே ஒரு வரி: மருந்து எடுத்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக விழவில்லை. அந்த வரியை அவள் மெய்ப்புப் பார்ப்பதுபோல் மூன்று தடவை விரல் வைத்துப் படித்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பினாள்.

"மூணு தடவை விழுந்தார்மா" என்றாள் நர்ஸிடம். "நாலாவதுலதான் போனார். நான்தான் மறைச்சேன். திருத்தணும்."

நர்ஸ் பேனாவை மூடி வைத்தாள். "பதிவையெல்லாம் பூட்டியாச்சும்மா. இனிமே யாரும் தொட முடியாது. ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பறேன். அது கூடவே இருக்கும். எண்ணிக்கை மாறாது."

அவளுக்குப் புரிந்தது. புத்தகம் அச்சான பிறகு கடைசிப் பக்கத்தில் ஒட்டும் பிழைதிருத்தச் சீட்டு. அதைப் படித்த ஒருவரையும் அவள் இதுவரை சந்தித்ததில்லை.

"இந்த மாத்திரை கடைக்கு வருமா?"

"வரலாம்மா. ஆனா உங்க மூணு சேர்ந்தாலும் முடிவு பெரிசா மாறாது. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"என் மூணு சரி. இன்னும் எத்தனை வீட்ல கும்பிட்டுக் கேட்டாங்களோ, அது உங்களுக்குத் தெரியுமா?"

நர்ஸ் எழுந்து போய் இரும்பு அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துவந்து அந்த மாதத்தைத் திறந்து வைத்தாள். பிழை திருத்துபவளின் கை தன்னையறியாமல் பைக்குள் போய்ச் சிவப்புப் பேனாவைத் தொட்டது. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டாள். உள்ளங்கையைப் பக்கத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள்.

அவள் பேனாவை எடுக்கவில்லை. குனிந்து படிக்க மட்டும் செய்தாள். மூன்றாம் தேதி, பதினாறாம் தேதி, இருபத்தொன்பதாம் தேதி. அடித்தல் திருத்தல் இல்லாத அவளுடைய குண்டுக் கையெழுத்து.

இன்று விழுந்தாரா? இல்லை.